பாட்டி கையில் பச்சை அழியாதது ஏன்?

கொள்ளிடம் ஆற்றுக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. அடைக்கல மாதா கோவில் உள்ள ஊர். இத்தாலி தேசத்தில் பிறந்து, தமிழ் நாட்டுக்கு வந்து, தமிழ் படித்து, நமக்குச் "சதுரகராதி" தந்த வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். அவர் இந்த ஊருக்குத் "திருக்காவலூர்" என்று பெயர் வைத்தார்.

விசேஷ நாட்களில் அங்கே கூட்டம் கூடும். சாதி மத பேதம் பாராமல் சுற்று வட்டாரத்து ஜனங்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் வயதான பாட்டி யாராவது கும்பிடக் கையைத் தூக்கினால், முன்கையைக் கவனியுங்கள்.

பச்சைக் கோட்டில் ஒரு கோலம் தெரியும். அல்லது ஒரு தேள். சிலர் கையில் சிலுவை. சிலர் கையில் புருஷன் பெயரோ, உடன் பிறந்தவன் பெயரோ இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதபடி மங்கியும் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதில் குத்தியது அது. அதற்குப் பிறகு அந்தக் கை எத்தனை வயலில் நாற்று நட்டிருக்கும்! எத்தனை மூட்டை முந்திரிக்கொட்டை உடைத்திருக்கும்! எத்தனை ஆயிரம் தடவை சாணி கரைத்து வாசல் தெளித்திருக்கும்! வெயிலில் தோல் உரிந்திருக்கும். அடுப்பில் சுட்டுக்கொண்டதும் உண்டு. ஆனாலும் பச்சை அப்படியே இருக்கிறது.

"செத்தால் நகை நட்டைக் கழற்றிக்கொள்வார்கள். கூட வருவது இந்தப் பச்சை ஒன்றுதான்" என்று நம் கிராமத்துப் பாட்டிமார் சொல்லுவது உண்டு.

அது ஏன் அழியவில்லை? பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் பச்சை குத்திக்கொள்கிறான். ஆனால் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை 2018-ம் ஆண்டில்தான் கிடைத்தது என்றால் நம்புவீர்களா?

விடை பிரெஞ்சு தேசத்தில் கிடைத்தது. ஆனால் அது ஏலாக்குறிச்சிப் பாட்டிக்கும் பொருந்தும். இன்று திருவிழாக் கடையில் மிஷினை வைத்துக் கையில் பெயர் எழுதிக்கொள்ளும் அவருடைய பேரனுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அகத்திக் கீரையும் மஞ்சளும்

முதலில் பாட்டிக்கு எப்படிக் குத்தினார்கள் என்று பார்ப்போம்.

தமிழ் நாட்டில் பச்சை குத்துவது பெரும்பாலும் குறவர் குலத்துப் பெண்களின் தொழிலாக இருந்தது. சந்தை கூடும் இடத்திலும், அறுவடை முடிந்த ஊர்களிலும் அவர்கள் வருவார்கள். கூலியாகக் காசும் வாங்குவார்கள், நெல்லும் வாங்குவார்கள்.

சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், அவர்கள் மை தயாரிக்கும் முறையை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்திய விஷயம் அது.

மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைப்பார்கள். அதை மெல்லிய துணியில் தடவி, திரி போலச் சுருட்டுவார்கள். ஆமணக்கு எண்ணெய் ஊற்றிய விளக்கில் அந்தத் திரியைப் போட்டு ஏற்றுவார்கள். மேலே ஒரு புது மண் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உள் பக்கத்தில் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டி எடுத்து, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். மை தயார்!

மூன்று நாலு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டுவார்கள். ஒரு குச்சியால் மையைத் தொட்டுக் கையில் படம் வரைந்துவிட்டு, அதன் மேல் ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். பிள்ளை அழாமல் இருக்கப் பாட்டும் பாடுவார்கள். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெயும் மஞ்சளும் தடவி அனுப்பிவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், மஞ்சளும் கீரையும் எரிந்துபோய்விடுகின்றன. மிஞ்சுவது வெறும் கரி. இன்று கடையில் விற்கும் கறுப்பு மையிலும் பெரும்பாலும் இருப்பது அதே கரிதான்.

1991-ம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில், பனிக்கட்டிக்குள் புதைந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் இறந்து 5,300 ஆண்டுகள் ஆகின்றன! அவன் உடம்பில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் கோடு கோடாக இருக்கின்றன. அதுவும் கரிதான். பச்சை கூட வரும் என்ற பாட்டியின் வாக்கு இந்த மனிதன் விஷயத்தில் பலித்திருக்கிறது.

மருதாணி போகிறது, பச்சை போகவில்லை

மருதாணியும் தோலில்தான் பிடிக்கிறது. பதினைந்து நாளில் வெளுத்துவிடுகிறது. பச்சை மட்டும் ஏன் நிற்கிறது?

நம் தோல் ஒரே தோல் அல்ல. மேலே ஒன்று, அதன் கீழே ஒன்று.

மேல்தோல் மிகவும் மெல்லியது. கையில் அதன் கனம், நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்திரிகைத் தாளின் கனம்தான் ஏறக்குறைய இருக்கும். அடியில் புதுப் புது அணுக்கள் முளைக்கின்றன. அவை மேலே வந்து, காய்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துவிடுகின்றன. சுமார் ஒரு மாதத்தில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அழுக்கு என்று உருட்டி எடுக்கிறோமே, அதில் நம் பழைய தோலும் இருக்கிறது.

மருதாணி இந்த மேல்தோலின் மேற்பரப்பைத்தான் சிவக்க வைக்கிறது. தோல் உதிர உதிர அதுவும் உதிர்ந்துபோகிறது.

உள்தோல் அப்படிப்பட்டதல்ல. ஒன்று இரண்டு மில்லி மீட்டர் கனம் உள்ளது. நாரும், ரத்தக் குழாயும், நரம்பும், மயிர்க்காலும் அதில்தான் இருக்கின்றன. அது உதிராது. குத்தும்போது ரத்தம் கசிவது ஊசி உள்தோலை எட்டிவிட்டது என்பதற்கு அடையாளம். மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது.

பச்சை குத்தும் ஊசி, டாக்டர் போடும் ஊசியைப் போல நடுவில் துவாரம் உள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தையல் ஊசி மாதிரி கெட்டியான ஊசிதான். ஊசிகளின் இடுக்கில் மை தங்கி நிற்கும். குத்திவிட்டு ஊசி வெளியே வரும்போது, அது செய்த துவாரத்துக்குள் மை இழுக்கப்பட்டுவிடுகிறது.

பாட்டி காலத்து ஊசியும் இன்றைய மின்சார மிஷினும் இந்த வகையில் ஒன்றுதான். வேகம்தான் வித்தியாசம். 1891-ம் ஆண்டில் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர் மின்சார மிஷினுக்குப் பேடன்ட் வாங்கினார். மின்சார விளக்கு புகழ் எடிசன், காகிதத்தில் துளையிட்டுப் பிரதி எடுக்க ஒரு மின்சாரப் பேனா செய்திருந்தார். அந்தப் பேனாதான் இந்த மிஷினுக்கு முன்னோடி.

கறுப்பு மை பச்சையாவது எப்படி?

இங்கே இன்னொரு வேடிக்கை. உள்ளே போனது கறுப்புக் கரி. வெளியே தெரிவது பச்சை! அதனால்தான் நம் முன்னோர் இதற்குப் "பச்சை குத்துதல்" என்றே பெயர் வைத்தார்கள்.

காரணம் வெளிச்சம்.

வெயிலில் எல்லா நிறமும் கலந்து இருக்கிறது. தோலுக்குள் நுழையும்போது சிவப்பு ஒளி ஆழமாகப் போகும். நீல ஒளி அவ்வளவு தூரம் போகாது. மேலாகவே சிதறித் திரும்பிவிடும். ஆழமாகப் போன சிவப்பு ஒளி கரியில் மோதுகிறது. கரி அதை விழுங்கிவிடுகிறது. சிதறித் திரும்பும் நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. அத்துடன் நம் தோலின் மஞ்சள் கலந்த நிறமும் சேர்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்தால் என்ன நிறம்? வண்ணப் பெட்டி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

பெரம்பலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பச்சைமலை தெரியும். பக்கத்தில் போனால் மரமும் புதரும். தூரத்தில் நின்று பார்த்தால் நீலமாகத் தெரியும். அங்கே இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதற அடிக்கிறது. கையில் அந்த வேலையைத் தோல் செய்கிறது. கையில் ஓடும் ரத்தக் குழாய் பச்சையாகத் தெரிவதற்கும் ஏறக்குறைய இதே காரணம்தான். அதில் ஓடுவது சிவப்பு ரத்தமே.

ராஜாவின் பிளவை

சரி, மை உள்தோலில் இருக்கிறது. ஆனால் அங்கே அது சும்மா கொட்டிக் கிடக்கிறதா? அதை யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா?

இதற்கு மறுபடி ஏலாக்குறிச்சிக்குத்தான் வரவேண்டும்.

அரியலூர்ச் சீமையை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்ததாம். வைத்தியர்கள் பார்த்தும் தீரவில்லையாம். வீரமாமுனிவர் வைத்தியம் செய்து குணமாக்கினாராம். மகிழ்ந்துபோன ராஜா கோவிலுக்கு நிலம் கொடுத்தாராம். இது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. இதில் எவ்வளவு சரித்திரம் என்ற விசாரணை இப்போது வேண்டாம்.

ராஜபிளவை என்றால் என்ன? முதுகிலோ பிடரியிலோ பல கண் வைத்துக் கிளம்பும் பெரிய கட்டி. கிருமிகள் மயிர்க்கால் வழியாகத் தோலுக்குள் இறங்கியதும், ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் சண்டைக்கு ஓடி வருகின்றன. கிருமியைப் பிடித்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கிச் சாகின்றன. சீழ் என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் இப்படிச் செத்துப்போன வீரர்களின் குவியல்தான். ராஜா உடம்பில் நடந்தது இந்தச் சண்டை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி அதிகம் வரும். அவர்களுடைய படை சற்றுப் பலவீனமான படை.

பச்சை குத்தும்போதும் இதே படை ஓடி வருகிறது. உடம்புக்குக் கரியும் ஓர் எதிரிதான். ஊசி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், "அந்நியன் புகுந்துவிட்டான்" என்று உடம்பு எண்ணுகிறது.

இந்தப் படையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் மெச்னிகாப் என்ற ருஷிய விஞ்ஞானி. 1882-ம் ஆண்டு அவர் குடும்பத்தோடு சிசிலித் தீவில் மெசினா நகரத்தில் இருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் மட்டும் வீட்டில் தங்கினார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. தோட்டத்துக்குப் போய் ரோஜா முள்ளை ஒடித்து வந்தார். மீன் குஞ்சின் உடம்பில் குத்தி வைத்தார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன!

காலில் முள் குத்தினால் வீங்குவது ஏன் என்று அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்காக அவருக்கு 1908-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கஸ் பார்க்கப் போனவர்களில் யாருக்கும் எந்தப் பரிசும் கிடைக்கவில்லை!

பெருந்தீனிக்காரன்

இந்த அணுக்களில் ஒரு வகைக்கு "மாக்ரோபேஜ்" என்று பெயர். கிரேக்க மொழியில் "பெருந்தீனிக்காரன்" என்று அர்த்தம். பொருத்தமான பெயர். கிருமி, செத்த அணு, தூசி எது கிடைத்தாலும் விழுங்கும். வயிற்றில் சுரக்கும் திராவகம் மாதிரி அதனுள்ளும் ஒரு திராவகம் உண்டு. விழுங்கியதை அதில் போட்டுக் கரைத்துவிடும்.

கரியையும் அப்படித்தான் விழுங்குகிறது. ஆனால் கரி கரையவில்லை! துப்பவும் முடியவில்லை. வயிறு நிறையக் கரியை வைத்துக்கொண்டு, உள்தோலில் அதே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பாட்டி கையில் நாம் பார்க்கும் கோலம், லட்சக்கணக்கான பெருந்தீனிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கோலம்.

இதுவரைக்கும் டாக்டர்களுக்கு முன்பே தெரியும். தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. இந்த அணுக்களுக்கு மனிதனைப் போல எழுபது எண்பது வயது ஆயுள் கிடையாதே! அவை செத்தபிறகு பச்சை எப்படி நிற்கிறது?

பிரெஞ்சு தேசத்தில் மார்சேய் நகரத்து விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். எலியின் வாலில் பச்சை மையால் பச்சை குத்தினார்கள். பிறகு ஒரு மருந்தைக் கொடுத்து, எலியின் தோலில் இருந்த பெருந்தீனிக்காரர்களை எல்லாம் கொன்றார்கள். மை இப்போது அனாதை. வெளியேறி அழிந்துவிட வேண்டும் அல்லவா?

அழியவில்லை. வால் பார்வைக்கு முன்போலவே இருந்தது.

என்ன நடந்தது தெரியுமா? ஓர் அணு சாகும்போது அதன் வயிற்றில் இருந்த மை வெளியே விழுகிறது. சில நாட்களில் ரத்தத்திலிருந்து புது அணுக்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. விழுந்து கிடக்கும் மையைப் பார்த்து, "இதோ எதிரி" என்று எடுத்து விழுங்கிவிடுகின்றன. அவை சாகும்போது அடுத்தவை. ஓர் எலியின் பச்சைத் தோலை எடுத்து இன்னோர் எலிக்கு ஒட்டியும் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் மையில் பெரும்பகுதி இரண்டாவது எலியின் அணுக்களிடம் கைமாறிவிட்டது!

2018-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. பாட்டி கைக் கோலம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. குத்திய அன்று மையைப் பிடித்த அணுக்களில் அநேகம் என்றோ போய்விட்டன. அவற்றின் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவை புதியவை.

அப்படி மாறும்போது மை துளித்துளியாக அப்படி இப்படி நகரும் போலும். அதனால்தான் பழைய பச்சையின் கோடு தடித்துக் கலங்கித் தெரிகிறது.

எல்லா மையும் அங்கேயே நிற்பதும் இல்லை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அந்த நெறிகள் உடம்பின் சல்லடை மாதிரி. கையில் குத்திய மையில் ஒரு பங்கு அக்குள் நெறிக்குப் போய்த் தங்குகிறது. பச்சை குத்தியவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள், நெறி கறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வெளியே தெரியும் கோலத்துக்கு உள்ளே ஒரு நிழல்!

மையோடு வருவது

இனிமேல்தான் குடும்பஸ்தர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஊசி உள்தோல் வரை போகிறது. ரத்தக் குழாயைத் தொடுகிறது. அந்த ஊசியில் மை மட்டும் இருந்தால் கவலை இல்லை. முன்னால் குத்திக்கொண்டவருடைய ரத்தமும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தால்?

மஞ்சள் காமாலையில் "பி" வகை, "சி" வகை என்று இரண்டு உண்டு. ரத்தத்தின் மூலம் பரவுபவை. ஈரலைப் பல வருஷம் மெல்ல அரிக்கும். நோய் இருப்பவருக்கே அது இருப்பது தெரியாமல் இருக்கும். "பி" வகைக் கிருமி, காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். துணியால் ஊசியைத் துடைத்தால் அது போகாது. எய்ட்ஸ் கிருமியும் ரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியதுதான்.

கரியைப் பெருந்தீனிக்காரன் பிடித்து உட்காரவைத்துவிடுவான். இந்தக் கிருமிகளை அப்படி அடக்கிவைக்க அவனால் ஆகாது. அவை ரத்தத்தோடு போய்விடும்.

புது ஊசி கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மைக் கிண்ணத்தை யாரும் பார்ப்பதில்லை. குத்திய ஊசியை அதே கிண்ணத்தில்தானே திரும்பத் திரும்பத் தொடுகிறார்கள்? ஊசியை மாற்றிவிட்டு, பழைய கிண்ணத்து மையையே அடுத்தவருக்கும் வைத்தால் என்ன பயன்? ஒருவருக்கு ஊற்றிய மையில் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். மூடி திறக்காத உறையிலிருந்து ஊசி, புதிதாக ஊற்றிய மை, புதுக் கையுறை. இவற்றை நம் கண் முன்னால் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? சலூனில் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்கிறோமே!

பாட்டி காலத்தில் ஒரே ஊசிதான் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும். கிருமி என்ற பேச்சே அப்போது கிராமத்தில் கிடையாது. அதனால் யார் யாருக்கு என்ன வந்தது என்று கணக்கு எழுதி வைத்தவர் இல்லை. குத்திய பெண்கள் மேல் பழி போடுவதும் நியாயம் ஆகாது. இன்று தெரிந்துகொண்டு அப்படிச் செய்வதுதான் குற்றம்.

குழந்தைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடும் தடுப்பூசிகளில் இப்போது "பி" வகைக் காமாலை ஊசியும் இருக்கிறது. "சி" வகைக்குத் தடுப்பூசியே இல்லை. நீரிழிவு உள்ளவர்கள், ராஜாவின் பிளவையை நினைத்துக்கொண்டு, டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பச்சை குத்திக்கொண்டவர்கள் ஒரு வருஷத்துக்கு ரத்த தானம் செய்யக் கூடாது என்பது நம் நாட்டு விதி. வீட்டில் ஒருவருக்கு அவசரமாக ரத்தம் வேண்டியிருக்கும். கொடுக்கத் தயாராக வந்து நிற்கும் பையனை அந்தக் கைப் பச்சை திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலானாலும் சரி, கல்லங்குறிச்சிப் பெருமாள் கோவிலானாலும் சரி, ஏலாக்குறிச்சி மாதா கோவிலானாலும் சரி, விசேஷம் என்றால் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். இப்படிக் கூட்டம் கூடும் இடத்தில் குடிதண்ணீரில் குளோரின் போடுகிறார்கள். பலகாரக் கடையில் ஈ மொய்க்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் பார்க்கிறார். நல்ல காரியம். 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், சந்தைக்கும் திருவிழாவுக்கும் என்று தனிப் பகுதியே இருக்கிறது.

அதே கடைத்தெருவில், வளையல் கடைக்கும் பலூன் கடைக்கும் நடுவில், பாட்டரியில் மிஷினை மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பது எந்த ஊர்த் திருவிழாவிலும் சகஜம். கெட்ட பலகாரம் தின்றால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கெட்ட ஊசி ஏறினால் ஆயுள் முழுவதும் ஈரல் நோய். பலகாரக் கடையைப் பார்க்கும் ஆய்வாளர் இரண்டு அடி தள்ளிப் போய், "ஊசி உறை எங்கே? மைக் கிண்ணம் எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? பிழைக்க வந்தவரை விரட்டச் சொல்லவில்லை. கடை போட அனுமதி கொடுக்கும்போதே புது ஊசியும் கையுறையும் கட்டாயம் என்று எழுதிக்கொடுக்கலாம். பழைய ஊசியைப் போட ஒரு டப்பாவும் கொடுக்கலாம்.

அழிக்க முடியுமா?

முடியும். ஆனால் எழுதுவதைப் போலச் சுலபம் இல்லை.

லேசர் என்ற ஒளிக்கற்றையைத் தோலில் பாய்ச்சுகிறார்கள். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் துளி நேரங்களில், சில துளி நேரம்தான் அந்த ஒளி பாயும். அதற்குள் மைத் துகள் சூடேறி வெடித்துச் சிதறுகிறது. பொடிப்பொடியானவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு வெளியே எடுத்துச் செல்கிறது. எடுத்துச் செல்லாததைப் புதிதாக வரும் பெருந்தீனிக்காரன் மறுபடி விழுங்கி உட்கார்ந்துவிடுகிறான்! அதனால்தான் பல வாரம் இடைவெளி விட்டு, பல தடவை செய்ய வேண்டியிருக்கிறது. கறுப்பு மை லகுவில் போகும். பச்சை, மஞ்சள் மைகள் பிடிவாதக்காரர்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் படும்போது, தோலின் சொந்த நிறமும் சூடாகிவிடும். தேர்ந்த தோல் டாக்டர் இல்லாவிட்டால் புண்ணோ வெள்ளைத் திட்டோ மிஞ்சும்.

எங்கள் உறவில் ஒரு பையன் இருக்கிறான். கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தில், சிநேகிதர்களோடு ஒரு திருவிழாவுக்குப் போன இடத்தில், வலது முன்கையில் ஒரு பெயரைக் குத்திக்கொண்டு வந்துவிட்டான். யார் பெயர் என்று கேட்காதீர்கள். அவன் தாயாரே கேட்கவில்லை!

இரண்டு வருஷம் கழித்து மத்திய ஆயுதப் போலீஸ் படைக்கு மனுப் போட்டான். ஓட்டத்தில் தேறினான். எழுத்துப் பரீட்சையில் தேறினான். வைத்தியப் பரிசோதனையில் கையைக் காட்டச் சொன்னார்கள்.

அந்தப் படைகளில் முன்கையின் உள்பக்கத்தில் பச்சை இருக்கலாம். ஆனால் இடது கையில்தான் இருக்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கும் கை. ராணுவத்துக்கு விதி வேறு. அங்கே முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் அனுமதிக்கிறார்கள். பரம்பரை வழக்கமாகக் குத்திக்கொள்ளும் மலைஜாதியினருக்குச் சலுகை உண்டு. பிள்ளைகளை இந்த வேலைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஆள்சேர்ப்பு அறிவிப்பை முழுவதும் வாசிக்க வேண்டும். எங்கள் பையன் அதை வாசித்தது பரிசோதனைக்குப் பிறகுதான்.

இப்போது அவன் திருச்சிக்குப் போய் லேசர் வைத்துக்கொள்கிறான். ஐந்து தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கை சிவந்து வீங்கும். ஒரு வாரம் மண்வெட்டி பிடிக்க முடியாது. வயது வரம்பு முடிய இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். பெயரில் கடைசி இரண்டு எழுத்து மறைந்துவிட்டது. முதல் எழுத்து மட்டும் இன்னும் தெரிகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, தன் கைத் தேளையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்குக் குத்தினவளுக்கு ஒரு மரக்கால் நெல்லுதான்டா குடுத்தாங்க. நீ அழிக்கிறதுக்கு எவ்வளவுடா குடுத்தே?" என்று கேட்டாள்.